புது மிரர்லெஸ் கேமரா: வசதிப் பட்டியலை எடைபோடுவது எப்படி?

புது மிரர்லெஸ் கேமரா (உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) அறிவிப்பு வந்தால் வசதிப் பட்டியல் பக்கம் பக்கமாக நீளும். அதைப் படிக்கும் முன் ஒரு தாளை எடுத்து, நீங்கள் எதைப் படம் பிடிக்கப் போகிறீர்கள் என்று எழுதுங்கள்: ஓடியாடும் குழந்தைகள், பறவைகள், மேடை நிகழ்ச்சி, செய்தி. எந்த வசதிக்குக் காசு கொடுக்கலாம், எதை விட்டுவிடலாம் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

படி 1: சென்சாரும் மவுன்ட்டும்

ஒளியைப் படமாக்கும் சில்லுதான் சென்சார். அதில் ஃபுல் ஃப்ரேம் என்ற அளவு 36×24 மில்லிமீட்டர். ஏபிஎஸ்-சி என்ற சிறிய அளவு ஏறத்தாழ 24×16. சென்சார் பெரிதாக இருந்தால் மங்கிய வெளிச்சத்திலும் படம் சுத்தமாக வரும். ஆனால் லென்ஸ் கனக்கும், செலவும் கூடும். பாடியை (லென்ஸ் இல்லாத கேமராவை) மாற்றிக்கொண்டே இருப்போம், நல்ல லென்ஸ் பல வருடம் கூடவே வரும். அதனால் உங்களுக்கு வேண்டிய லென்ஸ் அந்த மவுன்ட்டுக்கு (கேமராவில் லென்ஸ் பொருந்தும் வாய்) கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். மெகாபிக்சல் 24 இருந்தால் பெரும்பாலோருக்குத் தாராளம்.

படி 2: ஷட்டர்

'நொடிக்கு 30 படம்' என்று போட்டிருந்தால் அது அநேகமாக எலக்ட்ரானிக் ஷட்டரில்தான், அதாவது திரை எதுவும் அசையாமல் சென்சாரே காட்சியைப் பதியும் முறையில்தான். பெரும்பாலான சென்சார்கள் காட்சியை வரிவரியாகப் படிப்பவை. கேமரா கையில் கிடைத்ததும் அந்த ஷட்டரை வைத்து, ஒரு கதவுநிலையைப் பார்த்தபடி கேமராவைச் சட்டென்று பக்கவாட்டில் திருப்பிக்கொண்டே கிளிக் செய்யுங்கள். படத்தில் கதவுநிலை நன்றாகச் சாய்ந்து விழுந்தால் சென்சார் மெதுவாகப் படிக்கிறது என்று அர்த்தம். எல்இடி விளக்குக்குக் கீழேயும் எடுத்துப் பாருங்கள், பட்டை பட்டையாகக் கோடு விழலாம். 2023-இல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 III-இல் இந்தச் சாய்வு இல்லை. முழு சென்சாரும் ஒரே நேரத்தில் பதிவாகிறது.

படி 3: நடுக்கக் கட்டுப்பாடு

இது உங்கள் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும். எதிரே ஓடுகிற குழந்தை மங்கலாகத்தான் விழும். அதற்கு ஷட்டர் வேகம் வேண்டும்.

படி 4: படத்துக்கான நம்பகச் சான்று

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். இந்த வசதி இருந்தால், படம் எடுத்த கணமே கேமரா கோப்பில் ஒரு டிஜிட்டல் கையொப்பம் போட்டுவிடும். அதற்குப் பிறகு யாராவது ஒரு பிக்சலைத் தொட்டாலும் கையொப்பம் பொருந்தாது. இதற்கான பொதுத் தரத்தின் பெயர் சி2பிஏ. அடோபி, பிபிசி, மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட நிறுவனங்கள் 2021-இல் இதற்காகக் கைகோத்தன. இதை உள்ளேயே வைத்து வந்த முதல் கேமரா 2023-இன் லைக்கா எம்11-பி.

சான்று சொல்வது ஒன்றுதான்: இந்தக் கோப்பு இந்தக் கேமராவிலிருந்து வந்தது, பிறகு மாறவில்லை. காட்சி உண்மையா என்று அது சொல்லாது. கணினித் திரையில் ஓடும் போலிப் படத்தைக் கிளிக் செய்தாலும் கையொப்பம் விழும். அதைக் கண்டுபிடிக்கத்தான் சோனி ஆழத் தகவலையும் (எதிரே இருப்பவை எவ்வளவு தூரத்தில் என்பதையும்) சேர்த்துப் பதிவு செய்கிறது.

கையொப்பமும் உடையக்கூடியதே. 2025-இல் நிகான் இசட்6 III-க்கு ஃபர்ம்வேர் (கேமராவுக்குள் ஓடும் மென்பொருள்) வழியாக இந்த வசதி வந்தது. மல்டிபிள் எக்ஸ்போஷரை (ஒரு படத்தின் மேல் இன்னொன்றைப் பதிக்கும் வசதி) பயன்படுத்தி, சான்றில்லாத படத்துக்கும் கையொப்பம் வாங்கிவிடலாம் என்று சில வாரங்களிலேயே தெரியவந்தது. நிகான் சேவையை நிறுத்தி, கொடுத்த சான்றிதழ்களை ரத்து செய்தது. தவறு தெரிந்ததும் நிறுவனம் என்ன செய்கிறது என்பதையும் நீங்கள் வாங்கும்போது பார்க்க வேண்டும்.

வாங்கும் முன் கேளுங்கள்: இந்த வசதி எல்லோருக்குமா, செய்தி நிறுவனங்களுக்கு மட்டுமா? தனி உரிமம் வேண்டுமா? ரா கோப்புக்கும் (சென்சார் பதிந்த மூலத் தரவு) வீடியோவுக்கும் கிடைக்குமா?

அப்புறம் சோதனை. ஒரு ஜேபெக் எடுத்து, சி2பிஏ சான்றைச் சரிபார்க்கும் இணையப் பக்கத்தில் ஏற்றுங்கள். அதே படத்தை ஒரு சாதாரண எடிட்டரில் கொஞ்சம் கிராப் செய்து மறுபடி ஏற்றுங்கள். சான்று காணாமல் போயிருக்கும், இல்லையென்றால் பொருந்தவில்லை என்று வரும். வாட்ஸ்அப் போன்ற செயலிகளில் படமாக அனுப்பினாலும் கோப்பு சுருங்கி, சான்று உதிர்ந்துவிடும். திருத்தங்களையும் பதிவு செய்யும் மென்பொருள் இருந்தால்தான் சான்றுச் சங்கிலி அறுபடாது.

செய்தி, வழக்கு, ஆவணம் என்று வேலை செய்பவர் என்றால் இந்த வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது சரி என்பேன். வீட்டு விசேஷங்களை மட்டும் எடுப்பவர் அந்தப் பணத்தை லென்ஸில் போடலாம். யாராக இருந்தாலும் கேமராவின் தேதியையும் நேரத்தையும் சரியாக வையுங்கள். மூலக் கோப்பைத் தனியே சேமித்துவிட்டு, நகலில் மட்டும் கை வையுங்கள்.