சந்தேகத்தோடு வருபவருக்குப் புத்தகம் கொடுக்கும்போது விடும் பிழைகள்

எங்கள் கிறிஸ்தவ சபை கொழும்பு வெள்ளவத்தையில், கடலுக்குக் கிட்ட. அங்கே இருக்கும் புத்தக அலுமாரியின் சாவி ஒன்பது வருடமாக என்னிடம். உப்புக் காற்றில் அட்டைகள் எல்லாம் நெளிந்துவிட்டன. யார் எதைக் கொண்டுபோனார்கள் என்று ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைக்கிறேன். அதைப் புரட்டினால் நான் விட்ட பிழைகளும் திகதியோடு கிடக்கின்றன.

பெரிய பிழை ஒரு அக்காவிடம் விட்டது. கணவர் புற்றுநோயில் போய் இரண்டு மாதம். ஆராதனை முடிந்து எல்லோரும் தேநீருக்குப் போன பிறகு அலுமாரிப் பக்கம் வந்தார். "தம்பி, கடவுள் இதை ஏன் விட்டவர் எண்டு விளங்கேல்ல. வாசிக்க ஏதும் இருக்கோ?" நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. கிறிஸ்தவ எழுத்தாளர் சீ. எஸ். லூயிஸின் 'த ப்ரொப்ளம் ஒஃப் பெய்ன்' கையில் வந்தது, கொடுத்துவிட்டேன். துன்பத்தைப் பற்றிய புத்தகம்தானே? இரண்டு கிழமை கழித்து ஒரு சொப்பிங் பேக்கில் சுற்றித் திருப்பித் தந்தார். "நல்லாத்தான் எழுதியிருக்கிறார். இவற்ற வீட்டில ஆரும் செத்தவையோ தம்பி?"

1940 இல் வந்த அந்தப் புத்தகத்தின் முன்னுரையிலேயே லூயிஸ் தெளிவாகச் சொல்லிவிடுகிறார்: துன்பம் எழுப்புகிற அறிவுச் சிக்கலை அவிழ்ப்பது மட்டும்தான் நோக்கம், துன்பத்தைத் தாங்கக் கற்றுக்கொடுக்கத் தனக்குத் தகுதியில்லை என்று. முன்னுரையை வாசிக்காதது நான்தான். இருபது வருடம் கழித்து, 1960 இல், அவருடைய மனைவி ஜோய் புற்றுநோயில் இறந்தார். அப்போது எழுதிய குறிப்புகள் 1961 இல் 'எ க்ரீஃப் ஒப்சேர்வ்ட்' என்று வந்தன, அதுவும் சொந்தப் பெயரில் இல்லை, என். டபிள்யூ. கிளார்க் என்ற புனைபெயரில். தேவை மிஞ்சிய நேரத்தில் கடவுளிடம் போனால் கதவை முகத்தில் அடித்து உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம்தான் கேட்கிறது என்று அதில் எழுதுகிறார். அதே மனிதர்தான். அக்காவுக்குக் கொடுத்திருக்க வேண்டியது இந்த மெலிந்த புத்தகம்.

இப்போதெல்லாம் அலுமாரியைத் திறக்க முன் ஒரு கேள்வி கேட்பேன்: "எப்ப இருந்து இப்படி யோசிக்கிறீங்கள்?" பதிலில் ஒரு திகதியோ ஒரு ஆஸ்பத்திரி வார்ட்டோ வந்தால் அது துக்கம். ஒரு வகுப்போ யூடியூப் வீடியோவோ வந்தால் அது தலைக்குள் இருக்கிற கேள்வி. இரண்டும் கலந்து வருவதும் உண்டு. கலந்து வந்தால் துக்கத்துக்குத்தான் முதலிடம். இன்னொரு வகையும் இருக்கிறது: பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் வருடக்கணக்காக ஜெபித்தும் மேலேயிருந்து ஒரு சத்தமும் இல்லை என்பவர்கள். அவர்களுக்கு பிலிப் யான்சியின் 'டிஸ்அப்போய்ன்ட்மென்ட் வித் கோட்' (1988). கடவுள் நியாயமற்றவரா, பேசாமல் இருக்கிறாரா, ஒளிந்திருக்கிறாரா என்ற மூன்று கேள்விகளை அது பூசி மெழுகாமல் கேட்கிறது.

தலைக்குள் கேள்வி உள்ளவர்களிடம் விடும் பிழை வேறு. நம் பக்கம் வென்றுவிட்டது போல் எழுதிய புத்தகத்தைத் தூக்கிக் கொடுப்பது. இயேசுவுக்காக வாதாடும் லீ ஸ்ட்ரோபலின் 'த கேஸ் ஃபோர் க்ரைஸ்ட்' (1998) சுவாரசியமான புத்தகம், பத்திரிகைக்காரரின் கை தெரியும். ஆனால் அவர் போய்ப் பேட்டி காண்பவர்கள் எல்லோரும் விசுவாசத்தின் பக்கம் நிற்கும் அறிஞர்கள். விவாத அணியில் இருக்கும் ஒரு பிள்ளை இதை மூன்றாம் அத்தியாயத்திலேயே கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்தால் புத்தகத்தின் மேல் மட்டுமில்லை, கொடுத்தவர் மேலும் நம்பிக்கை போகும். "இது ஒரு பக்கத்து வழக்கறிஞரின் வாதம்" என்று சொல்லியே கொடுங்கள். ஏ.எல். உயிரியல் படிக்கிற பிள்ளை பரிணாமத்தைப் பற்றிக் கேட்டால் ஃபிரான்சிஸ் கொலின்ஸின் 'த லாங்குவேஜ் ஒஃப் கோட்' (2006) இருக்கிறது. மனித மரபணுத் திட்டத்தை நடத்தியவர், பரிணாமத்தை ஏற்றுக்கொண்டே விசுவாசியாக இருப்பவர். அதை அலுமாரியில் வைத்ததற்கு எனக்கு இரண்டு பெரியவர்களிடம் ஏச்சு விழுந்தது. சரி, விழட்டும்.

இனி வேதாகமத்துக்கு வருவோம். "வேறு புத்தகம் எதற்கு, யோபுவை வாசி" என்பார்கள். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த நல்ல மனிதனின் கதை அது. வாசிக்கலாம், ஆனால் பலர் முதல் இரண்டு அதிகாரத்தையும் கடைசி அதிகாரத்தையும் வாசித்துவிட்டு, போனதெல்லாம் இரட்டிப்பாகக் கிடைத்தது என்று மூடிவிடுகிறார்கள். நடுவில் ஏறக்குறைய நாற்பது அதிகாரம் ஒரு மனிதன் வாதாடுகிறான். "உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்" என்ற வசனம் எத்தனை வீட்டுச் சுவரில், எத்தனை புதுவருட வாக்குத்தத்த அட்டையில் இருக்கிறது! அதைச் சொன்னது கடவுள் இல்லை, ஆறுதல் சொல்ல வந்த யோபுவின் நண்பர்களில் ஒருவரான பில்தாத். மூன்று வசனம் முன்னால்தான் அவர், பிள்ளைகளைப் பறிகொடுத்த தகப்பனிடம், அவர்கள் பாவம் செய்திருப்பார்கள் என்ற தொனியில் பேசுகிறார். கடைசியில் கர்த்தர் அந்த நண்பர்களைப் பார்த்து, என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார். அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம், முதல் ஏழு நாள் வாயைத் திறக்காமல் தரையில் கூட இருந்தது. யோபு நீளமாக இருந்தால் 88 ஆம் சங்கீதம். அதில் கடைசி வரி வரைக்கும் வெளிச்சம் வருவதில்லை.

வெளிநாட்டுப் புத்தகத்தோடு நின்றுவிடுவதும் பிழைதான். அங்கே எழுதுகிறவருக்கு எதிரே இருப்பது பெரும்பாலும் கடவுளே இல்லை என்பவர். நமக்கு எதிரே, சுவருக்கு அந்தப் பக்கம், வெசாக்குக்குச் சாப்பாடு அனுப்புகிற பௌத்த அன்ரி இருக்கிறார். அவருக்கு என்ன ஆகும் என்பதுதான் நம் பிள்ளைகளின் கேள்வி. போரில் காணாமல் போனவர்களுக்காகச் செய்த ஜெபம் எங்கே போனது, 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு அன்று கொச்சிக்கடை, கட்டுவப்பிட்டி தேவாலயங்களிலும் மட்டக்களப்பு சீயோன் சபையிலும் கும்பிடப் போன இடத்திலேயே ஏன் குண்டு வெடித்தது என்பதும் இந்த ஊர்க் கேள்விகள். கொழும்பைச் சேர்ந்த கிறிஸ்தவ எழுத்தாளர் வினோத் ராமச்சந்திராவை இங்கேயே பலருக்குத் தெரியாது. அணுப் பொறியியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். 2020 இல் வந்த அவருடைய 'சாராஸ் லாஃப்டர்' சந்தேகத்தையும் கண்ணீரையும் தலைப்பிலேயே வைத்திருக்கிறது. ஆபிரகாமின் மனைவி சாராள், முதுமையில் பிள்ளை பிறக்கும் என்று கேட்டுக் கூடாரத்துக்குள் சிரித்துவிட்டு, "நான் நகைக்கவில்லை" என்று மறுத்த கதை தெரியும்தானே. அப்படிச் சிரித்தவளுக்குத்தான் பிள்ளை பிறந்தது, பெயரும் சிரிப்பு என்ற பொருளிலேயே வைக்கப்பட்டது. ஒரே ஒரு குறை, நான் சொன்ன இந்தப் புத்தகங்கள் எல்லாம் ஆங்கிலம். ஆங்கிலம் கஷ்டமானவர்களுக்கு நான் ஒரு அத்தியாயத்தை வாசித்துத் தமிழில் கதைத்துக் காட்டுவேன், அது நன்றாகவே வேலை செய்கிறது.

அப்புறம், ஒளித்துக் கொடுப்பதும் ஒளித்து வாசிப்பதும். பிரவுன் பேப்பர் உறை போட்டுக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். சந்தேகப்படுகிறவன் கடல் அலைக்கு ஒப்பானவன் என்ற யாக்கோபின் வசனத்தை யாரோ முகத்தில் எறிந்திருப்பார்கள். ஆனால் "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கத்திய தகப்பனை இயேசு திருப்பி அனுப்பவில்லை, பையனைச் சுகமாக்கித்தான் அனுப்பினார். உறை போட்டுக் கேட்பவரிடம் நான் இன்னொரு பிரதியை எனக்கென்று எடுத்துக்கொண்டு, "நானும் வாசிக்கிறன், அடுத்த ஞாயிறு முதல் அத்தியாயம் மட்டும் கதைப்பம்" என்பேன். முடித்தாயா என்று கேட்பதில்லை. அந்த அக்காவிடமும் இப்படித்தான் இரண்டாவது புத்தகத்தைக் கொண்டுபோனேன். தேநீரோடு வாசலில் இருந்து நாலு பக்கம் வாசித்தோம். தாழ்ப்பாள் சத்தம் வருகிற இடத்தில் அவர் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். "இவருக்குத் தெரியும்," என்றார்.