எஸ்டேட் கிராஜுவிட்டி வரவில்லையா? படிப்படியாகக் கேட்டு வாங்கும் முறை

நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் ஓய்வு பெறுகிறவர்களுக்குப் பெரும்பாலும் இழுபடுவது கிராஜுவிட்டி (பணிக்கொடை) தான். பி.எஃப். மாதாமாதம் அரசுக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. கிராஜுவிட்டியை நிர்வாகம் தன் கையிலிருந்து எடுத்துத் தரவேண்டும். ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் உங்களுக்கு உண்டு. ராஜினாமா செய்தவருக்கும் உண்டு. தொழிலாளி இறந்திருந்தால் அந்த ஐந்து வருடக் கணக்கே கிடையாது.

1. தொகையை நீங்களே போடுங்கள்

தினக்கூலி (அடிப்படையும் பஞ்சப்படியும்) × 15 × வருடங்கள். மாதச் சம்பளக்காரர் முதலில் 26-ஆல் வகுக்கவேண்டும். 30-ஆல் வகுத்தால் தொகை குறையும், அந்தத் தவறு சகஜம். கடைசி வருடத்தில் ஆறு மாதம் தாண்டியிருந்தால் முழு வருடம். உதாரணமாகக் கூலி 480 ரூபாய், சர்வீஸ் 22 வருடம் 7 மாதம் என்றால் 480 × 15 × 23 = 1,65,600 ரூபாய். அந்த ஏழு மாதத்தை விட்டுவிட்டால் 7,200 ரூபாய் போச்சு.

2. சர்வீஸை நிரூபியுங்கள்

வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் இங்கேதான். "நடுவில் தற்காலிகமாகத்தான் இருந்தீர்கள்" என்று சொல்லிப் பாதி வருடங்களைக் கழிப்பார்கள். தற்காலிகம், நிரந்தரம் என்ற பெயர் முக்கியமில்லை. ஒரு வருடத்தில் 240 நாள் வேலை இருந்தால் அது தொடர் சர்வீஸ். சம்பளத்தோடு எடுத்த விடுப்பும் பிரசவ விடுப்பும் அந்த 240-இல் சேரும். உறைபனியில் கொழுந்து கருகி, உங்கள் தவறில்லாமல் வேலை நின்றிருந்தால் அதனால் சர்வீஸ் அறுந்துவிடாது.

செக்ரோல் (வேலை நாளும் கூலியும் பதியும் பேரேடு) ஆபீசில் இருக்கும், கேட்டால் கிடைக்காது. ஆகவே பி.எஃப். பாஸ்புக்கை முழுதாக அச்செடுங்கள். எந்தெந்த மாதம் பணம் பிடித்தார்கள் என்பதை அது வரிசையாகக் காட்டும். அதை நிர்வாகம் மறுப்பது கஷ்டம். கூடவே பழைய சம்பளச் சீட்டு, போனஸ் சீட்டு. ஆதாரில் ஒரு பெயர், எஸ்டேட் பதிவில் இன்னொரு பெயர் என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

3. எழுத்தில் கேளுங்கள்

கணக்கப்பிள்ளையிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது. சேர்ந்த தேதி, நின்ற தேதி, கடைசிக் கூலி, கேட்கும் தொகை எழுதி மேனேஜருக்குத் தபாலில் அனுப்பி, ரசீதையும் நகலையும் பத்திரப்படுத்துங்கள். பணம் 30 நாளில் வரவேண்டும். தாண்டினால் வட்டி கேட்கலாம்.

4. கையெழுத்தில் கவனம்

"எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளில் தொகை எழுதாமல் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்தால்தான் பணம் என்பார்கள். இதில் தீர்ப்புகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன; வக்கீலைக் கேட்காமல் வீட்டையும் விடவேண்டாம், அடம்பிடிக்கவும் வேண்டாம்.

5. இலவச வக்கீல்

30 நாளில் பதில் இல்லையென்றால் தொழிலாளர் துறையில் கிராஜுவிட்டி அதிகாரியிடம் மனு. தள்ளிப்போடாதீர்கள், இதற்குக் கெடு உண்டு. 2025 நவம்பர் 21 முதல் 1972-ஆம் வருடக் கிராஜுவிட்டிச் சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டதால், நீங்கள் வேலையை விட்ட தேதியை மனுவில் தெளிவாக எழுதுங்கள்.

மனுவை எழுதித்தர ஊட்டியில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழில்துறைத் தொழிலாளர் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் வக்கீல் தருவார்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் இருப்பவர்கள் ஊட்டி வரை பஸ் ஏறுமுன் 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்கு போன் செய்து, பக்கத்து நீதிமன்றத்திலேயே முடியுமா என்று கேளுங்கள்.