ஊரில் அவசரம் என்றால்: எஸ்எம்எஸ் எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும்

லண்டனில் இருப்பவர் முன்கூட்டியே பதிந்து வைத்திருந்தால் 999க்கு எஸ்எம்எஸ் அனுப்பலாம். பிரான்ஸில் அதற்கு 114. ஜேர்மனியில் 2021இல் வந்த நோரா செயலி இருக்கிறது. அமெரிக்காவில் பல இடங்களில் 911க்கே எழுதி அனுப்பலாம். பெரும்பாலும் காது கேளாதவர்களையும் பேச முடியாதவர்களையும் மனதில் வைத்துச் செய்த ஏற்பாடுகள் இவை. ஆனால் அந்தந்த நாட்டோடு சரி. பிரித்தானியச் சேவை பிரித்தானியாவுக்குள், அந்நாட்டு வலையமைப்பில்தான் வேலை செய்யும். இலங்கையில் பலாலி விமான நிலையத்திலோ கட்டுநாயக்காவிலோ இறங்கிய பிறகு அதே கைபேசியில் 999க்கு எழுதிவிட்டுக் காத்திருந்தால் யாரும் வரமாட்டார்கள்.

இலங்கையில் உதவி கேட்பது என்றால் இன்றைக்கும் அழைத்துப் பேசுவதுதான் முக்கிய வழி. அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119, வெள்ளம் புயல் என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117. வடக்கு கிழக்கில் பொலிஸாரோடு தமிழில் பேச 107 என்ற இலக்கமும் உண்டு. சிங்களம் தெரியாத பிள்ளைகளோடு போகிறவர்கள் இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் மொழி தடக்கினால் போகிற ஒவ்வொரு நிமிடமும் வீண்.

1990 பற்றிப் புலம்பெயர்ந்தவர்கள் பலருக்கு இன்னும் சரியாகத் தெரியாது. 'சுவசெரிய' என்ற இந்தச் சேவை 2016இல் இந்திய நிதியுதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கியது. 2018இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, பிறகு நாடு முழுவதும் பரவியது. காசு கிடையாது. தமிழில் பேசலாம். வண்டியில் பயிற்சி பெற்ற உதவியாளர் வருவார், அரச வைத்தியசாலைக்குக் கொண்டுபோவார்கள். "தனியார் ஆஸ்பத்திரிக்கு விடுங்கோ" என்று அவர்களோடு வாக்குவாதப்பட வேண்டாம். நெஞ்சுவலிக்கும் பாம்புக்கடிக்கும் அரச வைத்தியசாலைதான் முதல் இடம்.

அப்படியென்றால் எஸ்எம்எஸ்ஸுக்கு என்ன வேலை? இருக்கிறது. 1990க்கு அழைக்க உங்களுக்கு வாய் வராதபோது, உங்களுக்காக அழைக்கக்கூடிய ஒருவரை எழுப்புவதுதான் அதன் வேலை. அந்த ஒருவர் ஊரில் இருக்க வேண்டும், கைபேசியைக் காதுக்கு எட்டும் இடத்தில் வைத்திருக்கிறவராகவும் இருக்க வேண்டும். பெரியம்மாவின் மகன், பக்கத்து வீட்டு ஆசிரியர், வழமையாகப் பிடிக்கிற ஓட்டோக்காரர் என யாராகவும் இருக்கலாம். என்னைக் கேட்டால் ஓட்டோக்காரர்தான் நல்ல தெரிவு. ஒழுங்கைகள் எல்லாம் அவருக்கு அத்துப்படி, இரவிலும் தொலைபேசியை எடுப்பார்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஐபோனிலும் அண்ட்ராய்டிலும் அவசரத் தொடர்பாளர் என்று ஒருவரைப் பதிந்து வைத்தால், அவசர அழைப்புப் பொத்தானை அழுத்தியதும் நீங்கள் நிற்கும் இடத்தோடு அவருக்கு ஒரு செய்தி போகும். நல்ல வசதி. ஆனால் அந்தப் பட்டியலில் இருப்பவர் யார்? ரொறன்ரோவில் இருக்கும் மனைவி, லண்டன் ஹரோவில் இருக்கும் அண்ணா. குளிர்காலத்தில் யாழ்ப்பாணத்தில் நண்பகல் என்றால் ரொறன்ரோவில் நள்ளிரவு கடந்து ஒன்றரை மணி. அவர் விழித்து, செய்தியைப் பார்த்து, ஊருக்கு எடுத்து, யாரோ அதை எடுக்கும்வரை நீங்கள் கிணற்றடியில் கிடக்க வேண்டியதுதான். விமானம் ஏறுவதற்கு முன்பே அந்தப் பட்டியலில் ஓர் ஊர்க்காரரைச் சேருங்கள். இலக்கத்தை 07 என்று தொடங்கிப் பதியாமல், முதல் பூச்சியத்தை எடுத்துவிட்டு +94 போட்டுப் பதியுங்கள். எந்த சிம் போட்டிருந்தாலும் செய்தி சரியாகப் போகும்.

புதிய ஐபோன்களில் செய்மதி வழியே அவசரச் செய்தி அனுப்பலாம் என்ற விளம்பரத்தை நம்பி வன்னிக் காட்டோரம் போகிறவர்களும் உண்டு. அந்தச் சேவை குறிப்பிட்ட சில நாடுகளில்தான். இலங்கை அதில் இல்லை.

சிம் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். டயலொக், மொபிட்டெல், ஹட்ச் என்று எது நீங்கள் தங்கும் ஊரில் நன்றாக இழுக்கிறது என்று வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டு சிம்மை ரோமிங்கில் வைத்துக்கொண்டு 1990 போன்ற குறுகிய எண்கள் போகும் என்று நம்பியிருப்பது ஆபத்து. அதோடு, 1990 வண்டிக்காரர் வழி கேட்டுத் திருப்பி எடுக்கும்போது உள்ளூர் இலக்கம் இருந்தால்தான் உடனே பிடிக்க முடியும்.

மழைக்காலத்தில், அதாவது ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை, கரண்ட் போனால் வைஃபை போகும், வட்ஸ்அப்பும் வைபரும் அதோடு நின்றுவிடும். டேட்டா ஓடாத மெலிந்த சிக்னலிலும் சாதாரண எஸ்எம்எஸ் பல நேரம் நுழைந்து போய்விடும். ஆனால் போய்ச் சேர்ந்ததற்கு அதில் உத்தரவாதம் இல்லை. பதில் வரும்வரை அது சேரவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பிவிட்டு இரண்டாவது ஆளுக்கும் அனுப்புங்கள்.

எழுதும் விதத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்து கொள்ளும். தமிழில் 70தான், அதிலும் கொம்பும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படும். அதைத் தாண்டினால் செய்தி துண்டு துண்டாகப் பிரிந்து போகும். சிக்னல் மோசமான இடத்தில் ஒரு துண்டு வந்து மற்றது வராமல் போகலாம். ஆகவே "அன்புள்ள தம்பிக்கு" எல்லாம் வேண்டாம். இப்படி எழுதினால் போதும்:

"1990க்கு அடியுங்கோ. அப்பா மயக்கம். கோயிலடி ஒழுங்கை, 2ம் படலை."

இது ஒரே செய்திக்குள் அடங்கும். என்ன செய்ய வேண்டும், யாருக்கு என்ன, எங்கே என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. இதை இன்றைக்கே உங்கள் வீட்டு அடையாளத்தோடு எழுதிக் கைபேசியில் வரைவாக வைத்துவிடுங்கள். நடுங்கும் கையால் தமிழ் விசைப்பலகையில் தேடித் தேடி எழுதுவது நடக்கிற காரியமில்லை. தங்கிலிஷில் எழுதினாலும் குற்றமில்லை, ஊரில் எல்லோருக்கும் வாசிக்கத் தெரியும்.

இடம் சொல்வதில்தான் வெளிநாட்டுப் பழக்கம் அதிகம் காலை வாருகிறது. தபால் குறியீடு சொன்னால் வீடு கிடைக்கிற ஊர் இல்லை இது. கிராமங்களில் வீட்டிலக்கம் மதிலில் இருப்பதே அபூர்வம். சந்தி, கோயில், பள்ளிக்கூடம், வாசிகசாலை, அதிலிருந்து எந்தப் பக்கம், எத்தனையாவது படலை என்றுதான் வழி சொல்ல வேண்டும். வட்ஸ்அப்பில் இடக்குறி அனுப்புவது நல்லதுதான். ஆனால் வரைபடத்தில் பாதை போலத் தெரிவது பல நேரம் வண்டி நுழையாத குச்சொழுங்கையாக இருக்கும். வண்டி வரும்போது ஒருவர் ரோச் லைட்டோடு பிரதான வீதிக்கு வந்து நிற்கட்டும். அதுவரை 1990க்கு அழைத்த கைபேசியில் லண்டன் அக்காவுக்கு விவரம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். வண்டிக்காரர் அந்த இலக்கத்துக்குத்தான் எடுப்பார். நாங்கள் வழமையாகச் செய்வது நேர்மாறு: முதலில் மூன்று கண்டத்துக்கும் அறிவிப்பு, பிறகுதான் அம்புலன்ஸ்.

நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் வேறு கணக்குப் போட வேண்டும். அங்கே வைத்தியசாலை உண்டு, ஆனால் பாரதூரமான நோயாளியைப் படகில் குறிகட்டுவானுக்குக் கொண்டுவந்துதான் யாழ்ப்பாணத்துக்கு ஏற்ற முடியும். இருதய நோயுள்ளவரோடு போனால் கடைசிப் படகு எப்போது என்று கேட்டுவிட்டே ஏறுங்கள்.

காது கேளாதவரோ பேச முடியாதவரோ உங்களோடு வந்தால், ஊரில் ஒருவர் போதாது, மூவரைப் பதிந்து வையுங்கள். அவருடைய பெயர், குருதி வகை, ஒவ்வாத மருந்து, தங்கும் வீட்டின் வழி, 1990க்கு அழைக்கும்படியான ஒரு வரி ஆகியவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் ஓர் அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துவிடுங்கள். யாரிடம் நீட்டினாலும் அவர் அழைப்பார். பற்றரி இறங்கினாலும் அட்டை வேலை செய்யும்.

சென்னை, திருச்சி வழியாகப் போகிறவர்களுக்கு: இந்தியாவில் 112 எல்லாவற்றுக்கும் பொது. அழைக்கலாம், எஸ்எம்எஸ்ஸும் ஏற்கும், செயலியும் உண்டு. தமிழ்நாட்டில் 2008இலிருந்து ஓடும் 108 அம்புலன்ஸும் இலவசம். பவர் பொத்தானை மூன்று தரம் அழுத்தினால் 112க்குப் போகும் வசதி இந்தியாவில் விற்கும் கைபேசிகளுக்கென்று வந்தது. நீங்கள் ஐரோப்பாவில் வாங்கியதில் அது இருக்கும் என்று எண்ணி அழுத்திப் பார்த்துக்கொண்டிருக்காமல் நேரே அழையுங்கள்.