தெருநாய்களைப் பற்றித் தெருவார் கூடிப் பேசுவது எப்படி?

சென்னைத் தெருக்களில் நாய்ப் பேச்சு எழுந்தால், சோறு வைப்பவர்கள் ஒரு பக்கமும் பிள்ளைகளை வெளியே விட அஞ்சுபவர்கள் மறுபக்கமும் நின்றுவிடுகிறார்கள். ஆகவே, குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டத்துக்கு முன்பே, விடியற்காலையில் தெருவைச் சுற்றி வந்து நாய்களைக் கணக்கெடுங்கள். கருத்தடை செய்யப்பட்ட நாயின் காதில் சிறு வெட்டு இருக்கும். வெட்டில்லாதவை எத்தனை என்று தெரிந்தால், நாய் வேண்டுமா வேண்டாமா என்ற ஓயாத வாதம், எந்த நாயை முதலில் பிடிக்கச் சொல்வது என்ற வேலையாகிவிடும்.

கூட்டத்தில் அஞ்சுபவர்களை முதலில் பேச விடுங்கள். இரவுப் பணி முடிந்து வண்டியில் வரும்போது துரத்தப்படுபவரை இரக்கமற்றவர் என்று வாயடைப்பது நியாயமன்று. எந்த முனை, எந்த நேரம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து, சோறு வைக்கும் இடத்தை முடிவு செய்யுங்கள். 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகள், பிள்ளைகள் விளையாடும் இடம், வாயில், மாடிப்படி ஆகியவற்றிலிருந்து விலகிய இடத்தையே கேட்கின்றன. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் ஒதுக்கிய இடத்தில் மட்டுமே உணவு வைக்க வேண்டும் என்றது. சோறு வைப்பவரைப் பகைத்துக்கொள்வது பெரிய நட்டம். ஏனெனில், மாநகராட்சி வண்டியைக் கண்டதும் சிதறி ஓடும் நாய்கள் அவர் குரலுக்குத்தான் அருகில் வரும். அவர் உதவியை உறுதி செய்துகொண்டு, மாநகராட்சியின் 1913 என்ற புகார் எண்ணை அழைத்துப் புகார் பதிந்து, புகார் எண்ணைக் குறித்து வையுங்கள்.

“வேறெங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாம்” என்று யாராவது சொல்வார். சொல்லாத கூட்டமே இல்லை. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது விதி. காலியான தெருவுக்குக் கருத்தடை ஆகாத புதிய நாய்கள் வந்து சேரும் என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள். வெறிநோய் ஐயமுள்ள நாய்க்கும் கடுமையாகத் தாக்கும் நாய்க்கும் இது பொருந்தாது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலைய வளாகங்களில் பிடித்த நாய்க்கும் பொருந்தாது; அவற்றுக்கு 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த தனி உத்தரவு இருக்கிறது.

கடிபட்டால் செய்ய வேண்டியதை அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டுங்கள்: ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும், மஞ்சளோ சுண்ணாம்போ பூசக் கூடாது, அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று ஊசியைத் தொடங்கி, எல்லாத் தவணையையும் முடிக்க வேண்டும்.

ஆறு மாதம் நிரம்பாத குட்டிகளைக் கருத்தடைக்குப் பிடிக்க மாட்டார்கள் என்பதால், அவை பிறந்த மாதத்தைக் குறித்து வைத்து, உரிய காலத்தில் மறுபடியும் 1913ஐ அழையுங்கள்.