கலப்பு மீன்தொட்டிக்குப் பாசி தின்னும் மீனைத் தெரிவு செய்வது எப்படி?

திருகோணமலையில் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கத் தொடங்குபவர்களில் பலர், இரண்டாவது மாதத்திலேயே கடைக்குப் போய், "பாசி தின்னுகிற மீன் இருக்கிறதா?" என்று கேட்பார்கள். கடைக்காரரும் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு அங்குலச் சக்கர் மீனை வலையால் அள்ளிப் பையில் போட்டுத் தருவார். நானும் அப்படி ஒன்றை வாங்கி, கப்பிகளும் ஏஞ்சல்களும் இருந்த இரண்டு அடித் தொட்டியில் விட்டேன். ஒன்றரை வருடத்தில் அந்த மீன் தொட்டிக்குள் திரும்ப இடமில்லாமல் தவித்தது. இரவில் ஏஞ்சலின் விலாவில் ஒட்டி, அதன் உடலைப் போர்த்தியிருந்த வழுவழுப்பை உறிஞ்சியது. கண்ணாடியிலிருந்த பாசி மட்டும் குறையவில்லை. வளர்ந்த சக்கர் பாசியை விட நாம் போடும் தீனியையே விரும்பும் என்பதை நான் பிறகுதான் அறிந்தேன்.

ஆகவே, கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே செய்து முடிக்க வேண்டிய இரண்டு வேலைகளிலிருந்து தொடங்குவோம்.

படி 1: உங்கள் தொட்டியில் இருப்பது எந்தப் பாசி?

விரலால் கண்ணாடியைத் தேய்த்துப் பாருங்கள். மண்ணிறத் தூசி போல இலகுவாக வழிந்து வந்தால், அது புதிய தொட்டிகளில் முதல் சில கிழமைகளில் தோன்றும் மண்ணிறப் பாசி. பல மீன்கள் அதை விரும்பித் தின்னும், சில வேளைகளில் தானாகவும் மறைந்துவிடும். நகத்தால் சுரண்டினாலும் அசையாத பச்சைப் புள்ளிகளை எந்த மீனும் முழுமையாக அகற்றித் தராது; அவற்றுக்குப் பிளேட்தான் வழி. வடிகட்டியின் வாயிலும் இலைகளின் விளிம்பிலும் கறுப்புத் தூரிகை மயிர் போல முளைத்திருப்பதை மிகச் சில மீன்களே தொடும். நீலப்பச்சைப் படலமாக மணலைப் போர்த்தி, தூக்கினால் துர்நாற்றம் வீசுவது உண்மையில் ஒரு பக்ரீரியா. அதை உண்ணும் மீனைத் தேட வேண்டாம். தண்ணீர் முழுவதுமே பச்சையாகியிருந்தாலும் மீன் உதவாது. ஜன்னல் வெயில் தொட்டியில் விழாமல் தடுத்து, மூன்று நான்கு நாட்கள் தடித்த துணியால் மூடிவைப்பதே அதற்குப் பயன் தரும்.

விளக்கு நாளுக்கு எட்டு மணித்தியாலத்துக்கு மேல் எரிந்தாலோ, தீனி மிஞ்சி அடியில் அழுகினாலோ, எத்தனை மீன் வாங்கினாலும் பாசி திரும்ப வரும்.

படி 2: தொட்டியின் கொள்ளளவையும் தண்ணீரையும் அறிந்துகொள்ளுங்கள்

ஒரு கன அடியில் ஏறத்தாழ 28 லீற்றர் நீர் கொள்ளும். இரண்டு அடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டி 56 லீற்றர் கொள்ளும். மணலும் கல்லும் இட்டபின் இன்னும் குறையும்.

நகரில் குழாய்வழி வருவது கந்தளாய்க் குளத்து நீரைச் சுத்திகரித்த நீர் என்பதால், அதில் குளோரின் இருக்கும். ஒரு நாள் திறந்த வாளியில் வைத்தோ, குளோரின் நீக்கி இட்டோதான் பயன்படுத்த வேண்டும். கடலோரக் கிணறுகளை நம்பியிருப்பவர்களின் நீர் பல இடங்களில் வன்மையாகவும் (கல்சியம் போன்ற கனியுப்புகள் மிகுந்ததாகவும்) சற்றுச் சவராகவும் இருக்கும். இந்த வேறுபாடு மீன் தெரிவை நேரடியாக மாற்றிவிடும். அத்துடன் கச்சான் காற்று வீசும் மாதங்களில் தொட்டி நீர் 30 பாகையைத் தாண்டுவது வழமை. சூடான நீரில் கரைந்திருக்கும் ஒட்சிசன் குறைவு என்பதால், எயார் பம்ப் ஓய்வின்றி ஓட வேண்டும்.

படி 3: வளர்ந்தபின் வரும் அளவைப் பார்த்து மீனைத் தெரிவு செய்யுங்கள்

தொடக்கக்காரருக்கு நான் முதலில் சொல்வது மொலி. அது பாசி தின்னும் மீன் என்று யாரும் விற்பதில்லை என்றாலும், இலைகளிலும் கல்லிலும் உள்ள மென்மையான பச்சைப் பாசியை நாள் முழுவதும் கொறித்துக்கொண்டிருக்கும். வன்மையான நீரும் சிறிதளவு உப்பும் அதற்கு ஒத்துவரும். சவர்க் கிணற்று நீர் மட்டுமே உள்ள வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்தவரை இல்லை. குட்டிகள் பெருகும் என்பதை மட்டும் மனதில் வைத்திருங்கள்.

மூன்றடித் தொட்டியும் குழாய் நீரும் உள்ளவர்கள் பிரிசில்நோஸ் பிளெக்கோ ஒன்றை வளர்க்கலாம். இதுவும் சக்கர் இனத்தைச் சேர்ந்ததே. ஆனால் 12 முதல் 15 சென்ரிமீற்றரோடு நின்றுவிடும். வளர்ந்த ஆணின் மூக்கில் கிளைத்த மீசைகள் இருக்கும். இரண்டு ஆண்கள் ஒரே தொட்டியில் இடத்துக்காகச் சண்டையிடும் என்பதால் ஒன்றே போதும். ஒளிந்திருக்கவும் சுரண்டவும் ஒரு துண்டு மரக்கட்டையை இடுங்கள்.

ஒட்டோசின்க்ளஸ் நான்கு ஐந்து சென்ரிமீற்றரைத் தாண்டாத சாதுவான மீன். மண்ணிறப் பாசியை இதைப் போல் துடைப்பது வேறில்லை. ஆனாலும் தொடக்கக்காரர் அவசரப்பட்டு வாங்கக் கூடாத மீனும் இதுவே. தொட்டி தொடங்கி மூன்று மாதமாவது ஆகியிருக்க வேண்டும். ஐந்தாறு மீன்களாக விட வேண்டும். உப்பையும் வெக்கையையும் அது தாங்காது.

கறுப்புத் தூரிகைப் பாசிக்கு சயாமிஸ் அல்ஜி ஈற்றர் பெயர் பெற்றது. அது 15 சென்ரிமீற்றர் வரை வளர்ந்து வேகமாக நீந்துவதால், நீளமான தொட்டி தேவை. இதன் பெயரில் வேறு மீன்களும் விற்கப்படுவதால் அடுத்த படியைக் கவனமாகப் படியுங்கள்.

படி 4: கடையில் பார்க்க வேண்டியவை

சயாமிஸ் மீனின் கறுப்புக் கோடு வால் செட்டையின் நுனிவரை ஓடும், செட்டைகள் நிறமற்றவை. கறுப்புக் கோட்டுக்கு மேல் பொன்னிறக் கோடு ஒன்று ஓடி, செட்டைகளில் வெள்ளை ஓரம் தெரிந்தால் அது ஃபிளையிங் ஃபொக்ஸ். பெரிதாகும்போது தன் இடத்துக்காக மற்றவற்றைத் துரத்தும். முழுதும் மஞ்சளாகவோ, கோட்டுடனோ, வட்டமான உறிஞ்சு வாயால் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் அது சைனீஸ் அல்ஜி ஈற்றராக இருக்கலாம். சிறிதாக இருக்கையில் நன்றாகப் பாசி தின்னும். வளர்ந்தபின் மற்ற மீன்களின் உடலில் ஒட்டத் தொடங்கும். கலப்புத் தொட்டிக்கு இது வேண்டாம்.

எந்த மீனானாலும், அது கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது வயிற்றைப் பாருங்கள். உள்வாங்கிய வயிறு பல நாள் பட்டினியைக் காட்டும்; அப்படிப்பட்ட ஒட்டோசின்க்ளஸ் வீட்டுக்கு வந்து ஒரு கிழமைக்குள் இறந்துவிடுவது வழமை.

படி 5: தொட்டியில் விடுதலும் தீனியும்

பையைத் தொட்டி நீரில் 15 நிமிடம் மிதக்கவிட்டு, பின்னர் அரை மணித்தியாலத்துக்குச் சிறிது சிறிதாகத் தொட்டி நீரைப் பைக்குள் ஊற்றி, இறுதியில் வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீரைத் தொட்டியில் சேர்க்க வேண்டாம்.

கண்ணாடி பளிச்சென்று ஆனபின் மீனுக்கு உணவு எங்கே என்று பலர் யோசிப்பதில்லை. கிழமைக்கு இரண்டு மூன்று முறை, விளக்கணைத்தபின், விரல் தடிப்புக் கெக்கரிக்காய் வட்டம் ஒன்றைக் கொதிநீரில் ஒரு நிமிடம் இட்டு ஆறவைத்து, முள்ளுக்கரண்டியில் குத்தி அடியில் இறக்குங்கள். காலையில் விதைப்பகுதி குடையப்பட்டுத் தோல் வளையம் மட்டும் எஞ்சியிருக்கும். அதை உடனே எடுத்துவிடுங்கள், எங்கள் வெக்கையில் மதியத்துக்குள் தண்ணீர் நாறத் தொடங்கும்.

ஏற்கெனவே சக்கர் வாங்கி அது பெருத்துவிட்டவர்கள் அதைக் குளத்திலோ ஆற்றிலோ விட வேண்டாம். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்த மீன் இலங்கை நீர்நிலைகள் சிலவற்றில் பரவிவிட்டது; கரையில் வளை தோண்டும், அதன் முள்செட்டை மீனவரின் வலையைக் கிழிக்கும். என்னுடையதை, வாங்கிய கடைக்கே ஒரு வாளியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பதிலுக்கு நான்கு கறுப்பு மொலிகள் கிடைத்தன.