சேலத்தில் இருந்தபடியே ராபிட்டுக்கு ரசிகராவது எப்படி

போன மாதம் அண்ணன் மகன் வந்து கேட்டான். "அத்தை, எல்லாரும் பார்சிலோனா, மான்செஸ்டர்னு பாக்குறாங்க. நீங்க மட்டும் ருமேனியாவுல ராபிட்னு ஒரு ஃபுட்பால் டீமுக்கு ராத்திரி முழிச்சிட்டு உக்காந்திருக்கீங்க. எனக்கும் சொல்லிக் குடுங்களேன்." அன்று அவனிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில், கோப்பைகளை எண்ணி அணியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ருமேனியாவில் கோப்பையை எண்ணினால் நேராக ஸ்த்யாவா என்ற அணியிடம்தான் போய் நிற்பீர்கள். 1986 மே 7 அன்று செவில்லில் பார்சிலோனாவுடன் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம். கோல் இல்லாமல் பெனால்ட்டிக்குப் போனது. கோல்கீப்பர் டுக்கடாம் எதிரணி அடித்த நான்கையும் தடுத்தார். ராபிட் ரசிகையான நானே அந்த நான்கு தடுப்புகளையும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், நீங்களும் பாருங்கள். ஆனால் ரசிகராவது வேறு விஷயம். அதற்கு அந்த அணியை யார் தொடங்கினார்கள், மைதானத்துக்கு எந்தத் தெரு ஜனம் போகிறது என்று பார்க்க வேண்டும்.

ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் பெரிய அணிகள் மூன்று. ஸ்த்யாவா ராணுவத்தின் அணி, 1947இல் தொடங்கியது. டினாமோ உள்துறை அமைச்சகத்தின் அணி, அதாவது போலீஸ் பக்கம், 1948. இரண்டுக்கும் முன்னால், 1923இல், கிரிவிட்சா ரயில்வே பட்டறைத் தொழிலாளிகள் சேர்ந்து தொடங்கியது ராபிட். முதலில் ரயில்வேயின் பெயரிலேயே சி.எஃப்.ஆர். என்றிருந்தது, 1950களில் சில வருடம் லோக்கோமோட்டிவா என்றும் அழைத்தார்கள். அப்பா சேலம் ஜங்ஷனில் பாயிண்ட்ஸ்மேன். நான் பிறந்து வளர்ந்தது சூரமங்கலம் ரயில்வே குவார்ட்டர்ஸில். ஸ்பேனர் பிடித்த கைகள் சேர்த்த அணி என்று படித்த அன்றே எனக்கு முடிவாகிவிட்டது. உங்கள் வீட்டில் பட்டாளத்துக்காரர் இருந்தால் ஸ்த்யாவா பக்கம் போங்கள், நான் குறை சொல்ல மாட்டேன்.

ராபிட்டுக்கு லீக் பட்டம் மூன்றுதான்: 1967, 1999, 2003. ஆனால் ருமேனியக் கோப்பையை 13 முறை வென்றிருக்கிறார்கள். அதில் 1975இல் வென்றபோது அணி இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு இந்தப் பதிமூன்றில் அதுதான் பெரிது.

அப்புறம், எதிரிகளைப் படியுங்கள். எதிரணியைத் தெரியாமல் ராபிட்டைத் தெரிந்துகொள்ள முடியாது. ஸ்த்யாவா-டினாமோ ஆட்டத்தை அங்கே 'நித்திய டெர்பி' என்பார்கள். 1988 கோப்பை இறுதியில் கடைசி நிமிடத்தில் தங்கள் கோலை ஆஃப்சைடு என்று நடுவர் மறுத்ததும் ஸ்த்யாவா மைதானத்தை விட்டே வெளியேறியது. அப்படியும் கோப்பையை அவர்களுக்கே கொடுத்தார்கள். ராணுவத்துக்கும் உள்துறைக்கும் நடக்கும் இழுபறியில் ரயில்வேக்காரன் எங்கே நிற்பான்? அந்த வயிற்றெரிச்சல்தான் ராபிட் ரசிகர்களின் பாதிப் பாட்டு.

2006 யூஃபா கோப்பைக் காலிறுதியில் ராபிட்டும் ஸ்த்யாவாவும் மோதின. எங்கள் மைதானம் இருக்கும் ஜுலெஷ்டில் 1-1, அடுத்த ஆட்டம் 0-0. எதிரணி மைதானத்தில் அடித்த கோலைப் பெரிதாக எடுக்கும் அன்றைய விதிப்படி ஸ்த்யாவா அரையிறுதிக்குப் போனது. இரண்டு ஆட்டத்திலும் தோற்காமலே வெளியே வந்தோம். ராபிட் ரசிகர் யாரிடமாவது பேச்சுக் கொடுத்தால் இதைச் சும்மா கிளறாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. இன்று ஸ்த்யாவா என்றால் இரண்டு. பெயர் எங்களுடையது என்று ராணுவம் வழக்குப் போட்டு, பழைய அணி 2017இல் எஃப்.சி.எஸ்.பி. ஆனது. ராணுவம் அதே வருடம் நான்காம் பிரிவிலிருந்து தன் அணியைத் தொடங்கியது. பழைய வெற்றிகள் யாருக்குச் சொந்தம் என்று இன்னும் சண்டை. யாரிடம் எந்தப் பெயரைச் சொல்கிறோம் என்று பார்த்துச் சொல்லுங்கள். ராபிட்டின் கதையும் சுகமானதல்ல. 2016இல் திவாலாகி, அடிமட்டத்திலிருந்து ஏறி, 2021இல்தான் முதல் பிரிவுக்குத் திரும்பியது. 2018 ஏப்ரலில் ராணுவத்தின் ஸ்த்யாவாவும் ராபிட்டும் நான்காம் பிரிவில் மோதின. நம் மாவட்ட லீக் மாதிரியான பிரிவு அது. பார்க்க வந்தவர்கள் 36,000 பேருக்கும் மேல். காந்தி மைதானத்தில் மாவட்ட ஆட்டம் பார்த்தவர்களுக்குத் தெரியும், கேலரியில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று.

ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். எதிரணி ரசிகர்கள் சிலர் ராபிட்காரர்களை ரோமா என்ற சிறுபான்மை மக்களைக் குறிக்கும் இழிசொல்லால் திட்டுவார்கள். நம் ஊரில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது போலத்தான் அது. எந்த அணி மீதான கோபத்திலும் அந்தச் சொல்லைத் திருப்பி எழுதாதீர்கள்.

சரி, இனி துண்டு. அங்கே ரசிகர்கள் கழுத்தில் கம்பளி ஸ்கார்ஃப் போடுகிறார்கள். சேலம் வெயிலுக்குக் கைத்தறித் துண்டுதான் தாங்கும். ராபிட்டின் நிறம் 'விஷினியு', ஒரு வகைப் புளிப்புச் செர்ரியின் நிறம், கூடவே வெள்ளை. நெசவாளரிடம் சிவப்பு என்றோ மெரூன் என்றோ சொல்லாதீர்கள், 'அரக்கு' என்று சொல்லுங்கள். போனில் படம் காட்டினால் ஆளுக்கொரு நிறமாகத் தெரியும். நான் அம்மாவின் பழைய அரக்குப் புடவையின் ஓரத்தில் விரலளவு வெட்டி அம்மாப்பேட்டைக்கு எடுத்துப் போனேன்.

அங்கே கற்றுக்கொண்டது இரண்டு. நீளவாக்கில் ஓடும் பாவு நூல் வெள்ளையாக இருந்து, குறுக்கே ஓடும் ஊடை நூலில் மட்டும் அரக்கு போட்டால் நிறம் வெளிறி ரோஸாகத் தெரியும். அதனால் பட்டை கேட்காமல் பெரிய கட்டமாகக் கேளுங்கள். அரக்குப் பாவின் மேல் அரக்கு ஊடை விழும் கட்டம் அழுத்தமாக இருக்கும், வெள்ளை மேல் வெள்ளை விழும் கட்டம் பளிச்சென்று இருக்கும். அடுத்தது சாயம். என் முதல் துண்டு முதல் அலசலிலேயே சாயம் விட்டு, வெள்ளைக் கட்டமெல்லாம் பீட்ரூட் தண்ணீரில் விழுந்த மாதிரி ஆகிவிட்டது. நெய்யும் முன்பே அரக்கு நூலில் கொஞ்சம் வாங்கி, வெந்நீரில் நனைத்து, வெள்ளைத் துணியில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கறை விழுந்தால் அந்த நூல் வேண்டாம்.

நேரக் கணக்கு எளிது. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அவர்கள் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். மற்ற மாதங்களில் மூன்றரை. அங்கே இரவு எட்டு மணி ஆட்டம் கோடையில் நமக்குப் பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. ஏற்காடு எக்ஸ்பிரஸ் சென்னைக்குக் கிளம்பிப் போன பிறகுதான் எங்கள் வீட்டில் ஆட்டம் தொடங்கும்.

எங்கள் வீட்டு டிவியில் வராததால் நான் போனில் 'கசெட்டா ஸ்போர்ட்டுரிலோர்' என்ற ருமேனிய விளையாட்டுச் செய்தித் தளத்தைத் திறந்து, மொழிபெயர்ப்பை ஓடவிட்டு எழுத்து வர்ணனை படிப்பேன். மொழிபெயர்ப்பில் ராபிட் 'விரைவு' ஆகும், ஸ்த்யாவா 'நட்சத்திரம்' ஆகும். பழகிவிடும். மைதானம் இருக்கும் பகுதி ஜுலெஷ்ட். எழுத்தில் இருக்கும் கடைசி 'இ' காதில் விழாது. 'ஹாய் ராபிட்' என்றால் வணக்கம் இல்லை, 'வா ராபிட், விடாதே' என்று அர்த்தம்.

புள்ளிப் பட்டியலில்தான் புதியவர்கள் குழம்புவார்கள். 16 அணிகள் ஆளுக்கு 30 ஆட்டம் ஆடிய பிறகு, முதல் ஆறு தனியாகப் பட்டத்துக்கு மோதும். அப்போது எல்லாருடைய புள்ளியும் பாதியாகும். 55 வைத்திருந்தால் 28. முதலிடத்தில் இருந்தவர்கள் தலையில் கை வைப்பார்கள், நமக்கு நம்பிக்கை பிறக்கும்.

அண்ணன் மகனுக்கு ஒரு துண்டு சொல்லியாகிவிட்டது. அரக்குக் கட்டத்துக்குத் தனியாகப் பாவு ஓட்டப் பத்துத் துண்டாவது வேண்டும் என்கிறார் அம்மாப்பேட்டை அண்ணன். இப்போதைக்கு ஏழு பேர் சேர்ந்திருக்கிறோம்.