ரெவிட்டில் டிடபிள்யூஜி டீட்டெயிலும் வியூவின் எல்லையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டடத்தை மாடலாக வரையும் ரெவிட் மென்பொருளில் புதிதாக வேலை தொடங்குகிறவர்களின் கோப்புகளைத் திறக்கும்போதெல்லாம், பல வருடங்களுக்கு முன்னால் நாங்கள் செய்துவைத்த அதே குளறுபடிகள் கண்ணில் படுகின்றன. கோடுகளால் வரையும் மென்பொருளான ஆட்டோகேட்டில் கை பழகியவர்களுக்கு, பழைய டீட்டெயில் (ஒரு பகுதியின் நுணுக்க வரைபடம்) ஒன்றைக் கொண்டுவந்து வைத்துக்கொள்வது இயல்பான காரியம். அதில் தப்பில்லை. வந்த டீட்டெயிலை என்ன செய்கிறோம், எந்த எல்லைக்குள் நிறுத்துகிறோம் என்பதில்தான் வேலை கெடுகிறது. யூனிட் மாறிப்போவது, வேறு லெவலில் வைத்துவிடுவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை அந்த நிமிடமே தெரிந்துவிடும், திருத்திவிடலாம். மாதக்கணக்கில் தெரியாமல் கிடந்து, டிராயிங் அனுப்ப வேண்டிய வாரத்தில் தலைதூக்கும் தவறுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

## எக்ஸ்ப்ளோட் செய்வது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஜன்னலின் அடிப்பகுதி டீட்டெயில் ஒன்று டிடபிள்யூஜியாக, அதாவது ஆட்டோகேட் கோப்பாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாடலோடு தொடர்பில்லாமல் தனியாக வரைவதற்கான டிராஃப்டிங் வியூ ஒன்றைத் திறந்து அதை இம்போர்ட் செய்கிறார்கள். அதில் ஒரே ஒரு கோட்டை நகர்த்த வேண்டும். ஆனால் டீட்டெயில் மொத்தமும் ஒரே துண்டாக இருக்கிறது, தனிக் கோடு கைக்குச் சிக்கவில்லை. மேலே உள்ள கருவிப்பட்டையான ரிப்பனில், அந்தத் துண்டை உடைத்துப் பிரிக்கும் எக்ஸ்ப்ளோட் இருக்கிறது. ஃபுல் எக்ஸ்ப்ளோட் அழுத்தினால் எல்லாம் தனித்தனியாகப் பிரிந்துவிடுகிறது. கோட்டை நகர்த்திவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

திரையில் எதுவும் கெட்ட மாதிரி தெரியாது. கெடுவது ப்ராஜெக்டின் உள்ளே. டிடபிள்யூஜியில் இருந்த லேயர்களின் பெயரில், கோட்டின் தடிமனையும் வடிவத்தையும் தீர்மானிக்கும் லைன் ஸ்டைல்கள் முளைக்கின்றன. அதன் லைன்டைப்புகள், ‘இம்போர்ட்’ என்று தொடங்கும் பெயர்களோடு லைன் பேட்டர்ன் பட்டியலில் வந்து சேர்கின்றன. எழுத்துகள் புதுப்புது டெக்ஸ்ட் டைப்புகளாகவும், ஹாட்ச்கள் ஃபில்டு ரீஜியன்களாகவும் மாறுகின்றன. ஒரு டீட்டெயிலுக்கே இவ்வளவு. வெவ்வேறு அலுவலகங்களில், வெவ்வேறு லேயர் பெயர்களோடு வரையப்பட்ட முப்பது நாற்பது டீட்டெயில்களை இப்படிக் கொட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படி ஒரு கோப்பு எங்களுக்கு வந்தது. வேறொரு அலுவலகம் பாதி வேலையை முடித்துவிட்டு எங்களிடம் ஒப்படைத்த மாடல். டீட்டெயில் லைன் போடலாம் என்று லைன் ஸ்டைல் பட்டியலைத் திறந்தால் உருட்ட உருட்ட முடிவே இல்லை. ‘மெல்லிய கோடு’ என்று பொருள்படும் பெயர்கள் மட்டும் ஏழெட்டு விதம், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு லைன் வெயிட். எங்கள் குழுவில் ஒரு பெண், நல்ல வேலைக்காரர், பெயரை நம்பி ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சுவர் செக்‌ஷன்கள் முழுவதையும் வரைந்துவிட்டார். அச்செடுத்தபோது இன்சுலேஷன் கோடுகள் கான்கிரீட்டின் வெட்டுக்கோட்டைவிடத் தடிமனாக வந்து நின்றன. எது எந்தக் கோடு என்று தேடிப் பிரித்துச் சரிசெய்வதிலேயே டிராயிங் அனுப்ப வேண்டிய வாரம் கழிந்தது. அவர் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. யாரோ எப்போதோ அழுத்திய எக்ஸ்ப்ளோட்டுக்கு அவர் இரவெல்லாம் உட்கார வேண்டியதாயிற்று.

சரி, பிறகு சுத்தம் செய்துகொள்ளலாமே என்று கேட்பார்கள். பழைய பதிப்புகளில், பயன்படாதவற்றை நீக்கும் பர்ஜ் அன்யூஸ்ட் கட்டளை இந்த லைன் ஸ்டைல்களையும் பேட்டர்ன்களையும் தொடவே தொடாது. கையால் அழிக்க வேண்டும். அழிப்பதற்கு முன், எந்த வியூவில் எந்தக் கோடு அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இதற்கிடையில் யாராவது அந்த டீட்டெயிலைக் காப்பி செய்து வேறு ப்ராஜெக்டில் பேஸ்ட் செய்திருந்தால், அது பயன்படுத்தும் ஸ்டைல்களும் கூடவே போயிருக்கும். அந்தக் கோப்பையே சேவ் ஆஸ் கொடுத்து அடுத்த வேலையைத் தொடங்கியிருந்தால் அங்கேயும் முழுக் குப்பையும் இருக்கும்.

இன்னொரு நஷ்டம் கண்ணுக்கே தெரியாது. ரெவிட் 1/32 அங்குலத்தைவிட, அதாவது சுமார் 0.8 மில்லிமீட்டரைவிடச் சிறிய கோட்டை வரைய விடாது. எக்ஸ்ப்ளோட் செய்யும்போது அந்தப் பொடிக் கோடுகள் கழன்றுவிடும். ஜன்னல் டீட்டெயிலில் பொடிக் கோடுகள் எங்கே இருக்கும்? ரப்பர் கேஸ்கெட்டின் வளைவில், ஸ்க்ரூவின் மரையில், சீலண்ட் நுனியில். தண்ணீர் உள்ளே வருமா வராதா என்பதைக் காட்டும் இடங்கள் அவை. எச்சரிக்கைப் பெட்டி ஒன்று வரும், ஓகே அழுத்திவிடுவார்கள். மூலத்தையும் அச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவரை எது காணாமல் போனது என்று யாருக்கும் தெரியாது. இன்னும் பெரிய டிராயிங் என்றால், 10,000 எலிமெண்டுகளுக்கு மேல் பிரியக்கூடியதை ரெவிட் எக்ஸ்ப்ளோட் செய்யவே விடாது. அந்தத் தடை ஒரு நல்ல விஷயம். ஆனால் அதைத் தாண்டுவதற்காகக் கோப்பைத் துண்டு துண்டாக வெட்டிக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக எக்ஸ்ப்ளோட் செய்தவர்களையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஜன்னல், கதவு போன்று திரும்பத் திரும்பப் பயன்படும் பொருள்களை (ஃபேமிலி) உருவாக்கும் ஃபேமிலி எடிட்டருக்குள் எக்ஸ்ப்ளோட் செய்வது இதைவிட மோசம். அந்த லேயர்கள் சப்கேட்டகரிகளாக ஃபேமிலிக்குள் ஒட்டிக்கொள்ளும். ஃபேமிலியை லோட் செய்கிற ஒவ்வொரு ப்ராஜெக்டின் ஆப்ஜெக்ட் ஸ்டைல்ஸிலும் அவை வந்து நிற்கும்.

அப்படியானால் எப்படித்தான் செய்வது? மேலே வரையுங்கள். டிடபிள்யூஜியை டிராஃப்டிங் வியூவில் வைத்து, ஹாஃப்டோனாக்கி (மங்கலாக்கி), உங்கள் ஸ்டைல்களில் அதன்மேல் வரைந்துகொள்ளுங்கள். இன்சுலேஷனுக்குத் தனிக் கருவி இருக்கிறது. செங்கல் வரிசைக்கு ரிப்பீட்டிங் டீட்டெயில் இருக்கிறது. அலுமினியம் ப்ரொஃபைல், போல்ட் போன்றவற்றை டீட்டெயில் காம்பொனென்ட் ஃபேமிலியாக ஒருமுறை செய்துவைத்தால் அடுத்த பத்து டீட்டெயிலுக்கும் அது போதும். வரைந்து முடித்த கையோடு டிடபிள்யூஜியை நீக்கிவிடுங்கள். முதல் டீட்டெயிலுக்கு நேரம் பிடிக்கும். ஐந்தாவது வரும்போது கை தானாக ஓடும்.

எக்ஸ்ப்ளோட் செய்தே ஆக வேண்டிய நெருக்கடி வந்தால், அதை வேலை செய்யும் ப்ராஜெக்டில் செய்யாதீர்கள். காலிக் கோப்பு ஒன்றைத் திறந்து, அங்கே பிரித்து, எல்லாக் கோடுகளையும் எழுத்துகளையும் உங்கள் ஸ்டைலுக்கு மாற்றுங்கள். வந்த ஸ்டைல்களையும் பேட்டர்ன்களையும் அங்கேயே அழித்துவிட்டு, அப்புறம் இன்சர்ட் வியூஸ் ஃப்ரம் ஃபைல் வழியாக அந்த டிராஃப்டிங் வியூவை மட்டும் எடுத்துவாருங்கள்.

## மாறக்கூடிய டிராயிங்கை இம்போர்ட் செய்வது

லிங்க் செய்யுங்கள், அதாவது மூலக் கோப்போடு இணைத்தே வையுங்கள். இம்போர்ட் செய்ததற்கும் மூலக் கோப்புக்கும் எந்தத் தொடர்பும் இருக்காது. லிங்க் என்றால், டிராயிங் தந்தவர்கள் திருத்தி அனுப்பியதும் ரீலோட் கொடுத்தால் போதும். லிங்க் செய்த கோப்பை எக்ஸ்ப்ளோட் செய்ய முடியாது என்பது, மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் பிறகு, எனக்குப் பெரிய ஆறுதல்.

## ‘கரண்ட் வியூ ஒன்லி’யை விட்டுவிடுவது

பிளான் வியூவில் கொண்டுவருகிறீர்களா, டிக் செய்யுங்கள். செய்யாவிட்டால் அது மற்ற வியூக்களிலும் தெரியும்.

## தூரத்தில் கிடக்கும் ஒற்றைக் கோடு

பழைய டிடபிள்யூஜிக்களில் டீட்டெயில் ஓர் இடத்தில் இருக்கும், என்றோ யாரோ விட்டுப்போன ஒரு கோடு கண்காணாத தூரத்தில் கிடக்கும். ஆட்டோகேட்டில் அது யாரையும் தொந்தரவு செய்யாது. ரெவிட்டில் செய்யும். வியூவில் எவ்வளவு தெரிய வேண்டும் என்று வெட்டிக்காட்டும் எல்லையான கிராப் ரீஜியன், டிராஃப்டிங் வியூவுக்குக் கிடையாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அந்த வியூவில் இருப்பது எல்லாம் சேர்ந்துதான் வியூபோர்ட்டின் அளவு, அதாவது அச்சுத் தாளான ஷீட்டில் அது பிடிக்கும் பெட்டியின் அளவு. ஆகவே ஷீட்டில் வைக்கும்போது கையகல டீட்டெயிலுக்கு ஷீட்டையே தாண்டும் பெட்டி வரும். எங்கோ கிடக்கும் அந்தக் கோட்டைத் தேடிக்கொண்டு அரை நாள் போகும்.

பிளானில் இது இன்னும் சிக்கல். சர்வே ஆயத்தொலைவுகளில் வரைந்த கோப்பை அப்படியே ஆரிஜினுக்கு ஆரிஜின் (தொடக்கப்புள்ளிக்குத் தொடக்கப்புள்ளி) என்று வைத்தால், அது ரெவிட்டின் உள் ஆரிஜினிலிருந்து 10 மைலுக்கு, அதாவது சுமார் 16 கிலோமீட்டருக்கு வெளியே போய்விழலாம். அவ்வளவு தூரத்தில் கோடுகள் நடுங்கித் தெரியும், ஸ்னாப் துல்லியமாக இருக்காது, ஹாட்ச் சிதறும்.

மருந்து ஆட்டோகேட்டிலேயே இருக்கிறது. தேவையான டீட்டெயிலை மட்டும் டபிள்யூபிளாக் மூலம் தனிக் கோப்பாக்கி, 0,0-க்குப் பக்கத்தில் நகர்த்தி, பயன்படாததை நீக்கும் பர்ஜும், ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த கோடுகளை நீக்கும் ஓவர்கில்லும் கொடுத்துவிட்டு அப்புறம் கொண்டுவாருங்கள்.

## குப்பையை மறைக்கக் கிராப்பை இழுப்பது

ஓரத்தில் வேண்டாத கோடு தெரிகிறதா, கிராப்பை உள்ளே இழுத்துவிடு. இந்தப் பழக்கம் வேகமாகப் பரவுகிறது. கிராப் எதையும் நீக்குவதில்லை. வேறொருவர் ஒரு கிரிட் தெரிய வேண்டும் என்று கிராப்பை வெளியே இழுக்கும் நாளில், மறைத்தது எல்லாம் ஷீட்டில் வந்து நிற்கும். அவருக்கு அது வேண்டுமா வேண்டாமா என்றே தெரியாது. லிங்க்கில் வேண்டாத லேயர் என்றால் விசிபிலிட்டி கிராஃபிக்ஸில் இம்போர்டட் கேட்டகரீஸ் பகுதியில் அணையுங்கள், அதை வியூ டெம்ப்ளேட்டிலும் சேர்த்துவிடுங்கள்.

## கால்அவுட்டின் எல்லையைப் பிளானில் நகர்த்துவது

பிளானில் ஒரு பகுதியைச் சுற்றி, இதற்குத் தனி டீட்டெயில் இருக்கிறது என்று காட்டும் கால்அவுட் பெட்டியும், டீட்டெயில் வியூவின் கிராப்பும் ஒன்றுதான். ஒன்றை இழுத்தால் மற்றதும் நகரும். படிக்கட்டு டீட்டெயில் ஒன்றில் கைப்பிடி பாதியில் வெட்டுப்பட்டு அச்சாகி வந்தபோது, வரைந்தவர் தன் வியூவைத் தொடவே இல்லை என்று சொன்னார். உண்மைதான். பிளானில் டைமென்ஷன் எழுத்தின்மேல் கால்அவுட் கோடு விழுகிறதே என்று இன்னொருவர் பெட்டியைச் சுருக்கியிருந்தார். பிளானைத் தொட்டவர் டீட்டெயில் ஷீட்டையும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும்.

## அனோடேஷன் கிராப் விழுங்கும் குறிப்பு

மாடல் கிராப் ஒரு சுவரைத் தன் கோட்டில் வெட்டி, மீதியைக் காட்டும். குறிப்புகளுக்கும் டைமென்ஷன்களுக்கும் உள்ள எல்லையான அனோடேஷன் கிராப் அப்படி இல்லை. ஒரு குறிப்பின் ஓரம் அதன் எல்லையைத் தொட்டாலே போதும், முழுக் குறிப்பும் மறைந்துவிடும். நீர்த்தடுப்புப் பூச்சு பற்றிய குறிப்பு இப்படி மறைந்துபோன ஷீட்டைத் திருத்தியிருக்கிறேன். காணாமல் போன வாக்கியத்தை யாராலும் சரிபார்க்க முடியாது என்பதால் இது ஆபத்தானது. ஷீட் அனுப்பும் முன் அனோடேஷன் கிராப்பை அணைத்துப் பாருங்கள். ஏதாவது புதிதாகத் தெரிந்தால் எல்லையைத் தள்ளிவையுங்கள்.

## ஒவ்வொரு தளத்துக்கும் கிராப்பைக் கையால் இழுப்பது

பல வியூக்களின் எல்லையை ஒரே இடத்தில் கட்டுப்படுத்தும் ஸ்கோப் பாக்ஸ் ஒன்று போட்டு எல்லாத் தளங்களுக்கும் அதையே கொடுங்கள்.

## கிராப்பைச் சுழற்றுவது

கட்டடம் திரும்பாது, அந்த வியூ மட்டும் திரும்பும். தெரியாமல் தொட்டுவிட்டால் மாடலைத் திருப்பி நேராக்கப் போகாதீர்கள்.

## வியூவின் ஸ்கேலைப் பிறகு மாற்றுவது

1:10-க்கு வரைந்த டிடபிள்யூஜியில் அச்சில் 2.5 மில்லிமீட்டர் வர வேண்டிய எழுத்து, உள்ளே 25 மில்லிமீட்டர் உயரமாக இருக்கும். ஷீட்டில் இடம் இருக்கிறதே என்று வியூவை 1:5 ஆக்கினால் ரெவிட்டின் சொந்த எழுத்து அதே அளவில் நிற்கும், டிடபிள்யூஜியின் எழுத்து 5 மில்லிமீட்டராகப் பெருக்கும். ஒரே டீட்டெயிலில் இரண்டு அளவு எழுத்து தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். டிடபிள்யூஜியில் டெக்ஸ்ட் லேயரை அணைத்துவிட்டு, குறிப்புகளை ரெவிட்டிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

## கிராப் கோடு அச்சில் வருவது

பிரிண்ட் செட்டப்பில் ஹைட் கிராப் பவுண்டரீஸ் என்பதை டிக் செய்யுங்கள்.